விண்ணுக்குப் போகும் சில்லும் ஒரு சோற்றுப் பதமும்



இம்முறை வந்த கடிதங்களில் ஒன்றைத் தனியே எடுத்து வைத்துக்கொண்டேன். செம்பனைத் தோட்டத்திலிருந்து ஒரு தாய் எழுதியது. அவர் எழுத்திலேயே தருகிறேன்.

"ஐயா, என் மூத்த மகள் பினாங்கில் சிப் செய்யும் தொழிற்சாலையில் பரிசோதனைப் பகுதியில் வேலை செய்கிறாள். அங்கே செய்த சிப்பில் கொஞ்சத்தை வெளிநாட்டுக்கு அனுப்பி, ரேடியேஷன் அடித்து, திரும்ப வாங்கி இவளிடம்தான் சோதிக்கக் கொடுக்கிறார்களாம். ராக்கெட்டில் போகிற சிப்பாம். ரேடியேஷன் பட்ட சாமானைத் தொட்டால் உடம்புக்கு ஆகுமா? கல்யாணம் ஆக வேண்டிய பெண். வேலையை விட்டுவிட்டு வா என்று சொல்லலாமா?"

அம்மா, முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். வேலையை விடச் சொல்ல வேண்டாம். ஆனால் உங்கள் மகள் அங்கே கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டிய கேள்விகள் மூன்று இருக்கின்றன. அவற்றைக் கடைசியில் சொல்கிறேன். காரணம் விளங்காமல் "பயப்படாதே" என்று சொன்னால் பயம் போகாது அல்லவா? ஆகவே முதலில் காரணத்தைப் பார்ப்போம்.

மங்கில் விழும் மழைத்துளி

சிப் என்பதைத் தமிழில் சில்லு என்கிறோம். விரல் நகம் அளவுள்ள சிலிக்கான் துண்டு. அதற்குள் கோடிக்கணக்கான சிறு சிறு மின் கதவுகள். ஒவ்வொரு நினைவுக் கட்டத்திலும் ஒரு துளி மின்சாரம் இருக்கும், அல்லது இருக்காது. இருந்தால் 1, இல்லாவிட்டால் 0. கணக்கு, கடிதம், படம், பாட்டு எல்லாமே இந்த ஒன்றும் சுழியமும்தான்.

பால்மரக் காட்டில் வரிசையாகக் கட்டியிருக்கும் மங்குகளை நினைத்துக்கொள்ளுங்கள். பால் நிறைந்த மங்கு 1, வெறும் மங்கு 0 என்று வைத்துக்கொள்வோம். வெட்டி முடித்து வந்த பிறகு மழை பிடித்துக்கொண்டால் என்ன ஆகும்? வெறும் மங்கில் தண்ணீர் நிறையும். நிறைந்த மங்கு வழிந்தோடும். எது நிறைந்திருந்தது, எது வெறுமையாக இருந்தது என்பதே தெரியாமல் போய்விடும்.

சில்லுக்கும் அப்படி ஒரு மழை உண்டு. சூரியனிலிருந்தும், அதற்கு அப்பால் உள்ள விண்வெளியிலிருந்தும் கண்ணுக்குத் தெரியாத அணுத்துகள்கள் ஓயாமல் பாய்ந்து வந்துகொண்டே இருக்கின்றன. அப்படி ஒன்று சில்லைத் துளைத்துச் செல்லும்போது, போகிற வழியெல்லாம் மின்சாரத்தைச் சிதறவிட்டுப் போகிறது. 0 என்று இருந்த கட்டம் நொடியில் 1 ஆகிவிடும். சில்லு உடைவதில்லை, ஆனால் அது பொய் சொல்லத் தொடங்கிவிடுகிறது. சில வேளைகளில் துகள் பட்ட இடத்தில் மின்சாரம் கட்டுக்கடங்காமல் ஓடி, சில்லு எரிந்தே போவதும் உண்டு.

இன்னொரு வகைக் கேடு மெதுவானது. சில்லுக்குள் கண்ணாடி போன்ற ஒரு மெல்லிய படலம் இருக்கிறது. கதிர்வீச்சு படப்பட அந்தப் படலத்தில் மின்னூட்டம் சிக்கிச் சேர்ந்துகொண்டே போகும். நாளாக ஆக, மூட வேண்டிய கதவு மூடாது. திறக்க வேண்டியது திறக்காது. முன்னது திடீர் அடி என்றால், பின்னது நாள்பட்ட நோய்.

அணுகுண்டு கற்றுக் கொடுத்த பாடம்

இந்த நோயை உலகம் தெளிவாகக் கண்டது 1962-ஆம் ஆண்டில். அவ்வாண்டு ஜூலை 9-ஆம் நாள், பசிபிக் கடலில் உள்ள ஜான்ஸ்டன் தீவுக்கு மேலே, சுமார் 400 கிலோமீட்டர் உயரத்தில், அமெரிக்கா ஓர் அணுகுண்டை வெடித்துப் பார்த்தது. 'ஸ்டார்ஃபிஷ் பிரைம்' என்று அதற்குப் பெயர். அதன் சக்தி 14 லட்சம் டன் வெடிமருந்துக்குச் சமம். ஏறத்தாழ 1,400 கிலோமீட்டர் தள்ளி இருந்த ஹவாய்த் தீவில் தெருவிளக்குகள் அணைந்தன. வெடிப்பில் பிறந்த மின்னணுக்களைப் பூமியின் காந்தம் பிடித்து வைத்துக்கொண்டது. பூமியைச் சுற்றிப் புதியதொரு கதிர்வீச்சு வளையமே உண்டாகிவிட்டது.

அதற்கு மறுநாள், ஜூலை 10-ஆம் நாள், டெல்ஸ்டார் என்னும் செயற்கைக்கோள் விண்ணில் ஏறியது. அட்லாண்டிக் கடலைத் தாண்டித் தொலைக்காட்சிப் படத்தை நேரடியாக அனுப்பிய முதல் கோள் அதுதான். உலகமே கொண்டாடியது. பாவம், அந்தக் கோள் குண்டு விட்டுச் சென்ற வளையத்துக்குள் மாட்டிக்கொண்டது. நவம்பரில் தரையிலிருந்து இட்ட கட்டளைக்கு அது செவி சாய்க்கவில்லை.

பெல் ஆய்வுக்கூடப் பொறியாளர்கள் அப்போது செய்ததுதான் நம் கதைக்கு முக்கியம். கோளில் இருப்பது போன்ற சுற்றுகளைத் தரையில் வைத்து, அவற்றின் மீது கதிர்வீச்சைப் பாய்ச்சிப் பார்த்தார்கள். எந்த டிரான்சிஸ்டர் எப்படி நோய்ப்படுகிறது என்று கண்டுபிடித்தார்கள். மின்சாரத்தைச் சற்று நேரம் நிறுத்தி வைத்தால் அது ஓரளவு தேறிவிடுகிறது என்பதும் தெரிந்தது. அந்த வைத்தியத்தை விண்ணில் இருந்த கோளுக்கும் செய்தார்கள். 1963 ஜனவரியில் அது மீண்டும் பேசியது. பிப்ரவரி 21-ஆம் நாள் ஒரேயடியாக ஓய்ந்துபோனது.

இதில் கசப்பான உண்மை ஒன்றும் உண்டு, மறைக்க வேண்டியதில்லை. சில்லுக்குக் கதிர்வீச்சுச் சோதனை செய்யும் கலையின் பெரும்பகுதி போருக்காகவே வளர்ந்தது. அணுகுண்டு வெடித்த நடுவிலும் தன் ஏவுகணை வேலை செய்ய வேண்டும் என்று வல்லரசுகள் விரும்பின. அதே சோதனைதான் இன்று வானிலை சொல்லும் கோளையும் காக்கிறது. விண்வெளியில் அணுகுண்டு வெடிப்பதை 1963-ஆம் ஆண்டு ஒப்பந்தம் தடை செய்தது. அந்த மட்டில் நல்லது.

வீட்டுக்குள்ளேயே இருந்த எதிரி

சரி, விண்ணில் இருப்பதற்குத்தானே ஆபத்து, தரையில் என்ன என்று கேட்பீர்கள். 1978-இல் இன்டெல் நிறுவனத்துக்கும் அந்த எண்ணம்தான். 1972-இல் பினாங்கு பாயான் லெப்பாசில் தொழிற்சாலை திறந்ததே, அதே இன்டெல். அமெரிக்காவில் அவர்களுடைய நினைவுச் சில்லுகள் காரணமில்லாமல் தவறு செய்தன. திரும்பச் சோதித்தால் பழுது ஒன்றும் இல்லை. பேய் பிடித்தது போல வரும், போகும்.

திமத்தி மே, மரி வுட்ஸ் என்ற இரு ஆய்வாளர்கள் காரணத்தைக் கண்டுபிடித்தார்கள். எதிரி வானத்திலிருந்து வரவில்லை. சில்லை மூடியிருந்த பீங்கான் உறையிலேயே இருந்தான். பீங்கானில் மிக மிகச் சிறிதளவு யுரேனியமும் தோரியமும் கலந்திருந்தன. அவற்றிலிருந்து புறப்பட்ட ஆல்ஃபா துகள்கள் உள்ளே இருந்த சில்லைத் தாக்கின. உறை செய்த ஆலை, பழைய யுரேனியச் சுரங்கம் ஒன்றின் கீழே ஓடிய ஆற்று நீரைப் பயன்படுத்தியதே இதற்குக் காரணம் என்று பின்னர் சொல்லப்பட்டது.

ஈய லம்பம் கண்ட நம் நாட்டாருக்கு இது புரியாத விஷயமன்று. ஈயம் அலசிய பின் மிஞ்சும் 'அமாங்' மணலில் தோரியம் கலந்த தாது இருப்பதை நாம் அறிவோம். மண்ணில் இயற்கையாகவே இவை உண்டு. சில்லை உறையிலிடும் வேலையும், ஈயப் பற்றுவைக்கும் வேலையும் மலேசியாவில் ஏராளமாக நடக்கின்றன. அதனால்தான் இன்று உறைக்கும் பற்றுவைக்கும் பொருள்களை ஆல்ஃபா துகள் குறைந்தவையாகத் தேடிச் சோதித்து வாங்குகிறார்கள்.

நம் தலைக்கு மேலே

2003-ஆம் ஆண்டு மே 18-ஆம் நாள் பெல்ஜியம் நாட்டில் தேர்தல். ஸ்கார்பேக் என்னும் ஊரில் மின்னணு வாக்குப்பதிவு. ஒரு வேட்பாளருக்கு, அவருக்குக் கிடைக்கவே முடியாத அளவு வாக்குகள் விழுந்திருந்தன. எண்ணிப் பார்த்ததில் மிகையாக இருந்தவை சரியாக 4,096. இந்த எண்ணைக் கவனியுங்கள். இரண்டை இரண்டால் பெருக்கி, மீண்டும் இரண்டால் பெருக்கி, இப்படி மொத்தம் 12 இரண்டுகளைப் பெருக்கினால் வருவது 4,096. அதாவது நினைவகத்தில் ஒரே ஒரு கட்டம் 0-இலிருந்து 1-ஆக மாறினால் போதும். கணினி நிரலில் தவறு எதுவும் அகப்படவில்லை. விண்ணிலிருந்து வந்த ஒரு துகள் காரணமாக இருக்கலாம் என்பதே நிபுணர்கள் கொண்ட முடிவு.

விமானம் பறக்கும் உயரத்தில் இந்த மழை தரையைவிடச் சுமார் 300 மடங்கு அதிகம். 2025 அக்டோபர் 30-ஆம் நாள் மெக்சிகோவிலிருந்து அமெரிக்காவுக்குப் பறந்துகொண்டிருந்த ஏர்பஸ் ஏ320 விமானம் ஒன்று திடீரெனத் தாழ்ந்தது. பயணிகள் காயமடைந்தனர். நவம்பர் 28-ஆம் நாள் ஏர்பஸ் நிறுவனம் ஓர் அறிவிப்பை வெளியிட்டது: கடுமையான சூரியக் கதிர்வீச்சு, விமானத்தை இயக்கும் கணினியின் தகவலைக் கெடுத்துவிடக்கூடும் என்றது. உலகம் முழுவதும் சுமார் 6,000 விமானங்கள் திருத்தம் செய்த பிறகே பறக்கலாம் என்றாயிற்று. நம் ஏர் ஏசியாவில் பறப்பதும் இந்த ஏ320 இனம்தான். தீபாவளிக்குப் பிள்ளைகள் சபாவிலிருந்தும் சரவாக்கிலிருந்தும் வீடு திரும்புவது இதில்தானே?

கையுறையும் சில்லும்

இனி சோதனைக்கு வருவோம். விண்ணில் பத்து ஆண்டுகளில் படக்கூடிய அடியைத் தரையில் சில மணி நேரத்தில் எப்படிக் கொடுப்பது?

மெதுவான நோயைச் சோதிக்கக் கோபால்ட்-60 என்னும் உலோகம் பயன்படுகிறது. அது காமா கதிர்களை வீசும். தடித்த சுவர் கொண்ட அறைக்குள் சில்லை வைத்து, வெளியே நின்றபடி அளந்து கதிர் பாய்ச்சுவார்கள். இந்தக் கோபால்ட்-60 நமக்கு அந்நியமானதல்ல. பாங்கியில் உள்ள மலேசிய அணுசக்தி நிறுவனத்திலும் அது இருக்கிறது. அறுவை சிகிச்சைக்குப் பயன்படும் கையுறைகளைக் கிருமி இல்லாமல் ஆக்குவதற்கும் இதே கதிரைத்தான் பாய்ச்சுகிறார்கள். பால்மரத்துப் பாலில் பிறந்த கையுறையும் இதே கதிரில் குளித்துத்தான் மருத்துவர் கைக்குப் போகிறது.

கதிரின் அளவை 'கிரே' என்னும் அலகால் சொல்வார்கள். மனித உடல் முழுவதிலும் ஒரே தடவையில் 4 அல்லது 5 கிரே பட்டால், மருத்துவம் இல்லையேல் பாதிப் பேர் பிழைக்கமாட்டார்கள். கடையில் வாங்கும் சாதாரணச் சில்லுகளில் பல 50 முதல் 200 கிரே வரை தாங்கும். விண்ணுக்கென்றே உறுதியாகச் செய்த சில்லு 1,000 கிரேயும் அதற்கு மேலும் தாங்கும். கையுறைக்குக் கொடுப்பதோ சுமார் 25,000 கிரே! அப்படியிருந்தும் அந்தக் கையுறையை அணிந்துகொண்டுதான் மருத்துவர் நம் வயிற்றைத் திறக்கிறார். இதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள் அம்மா, பின்னால் உதவும்.

திடீர் அடியைச் சோதிப்பதற்கு வேறு வழி. சைக்ளோட்ரான் என்னும் பெரும் இயந்திரம் அணுத்துகள்களைச் சுழற்றிச் சுழற்றி வேகமேற்றி, சில்லின் மீது பாய்ச்சும். அமெரிக்காவில் பெர்க்லியிலும் டெக்சஸிலும், ஐரோப்பாவில் பின்லாந்திலும் பெல்ஜியத்திலும் இவை உள்ளன. புற்றுநோய்க்குப் புரோட்டான் சிகிச்சை தரும் சில மருத்துவமனைகளில், நோயாளிகள் வீட்டுக்குப் போன பின் இரவு வேளையில் சில்லுகளைக் கொண்டுவந்து சோதிப்பதும் உண்டு. பகலில் மனிதருக்கு வைத்தியம் செய்யும் அதே கதிர், இரவில் சில்லுக்குப் பரீட்சை வைக்கிறது. இயந்திரங்கள் குறைவு, காத்திருப்போர் அதிகம். ஒரு மணி நேரத்துக்கே ஆயிரம் டாலருக்கு மேல் கட்டணம் ஆவதுண்டு.

கதிர் பட்ட சில்லு மீண்டும் விண்ணுக்குப் போகாது. அது தியாகம் செய்யப்பட்ட சில்லு. ஒரே தொகுதியில் பிறந்த சில்லுகளில் சிலவற்றை எடுத்துச் சோதித்து, மற்றவை எப்படி இருக்கும் என்று முடிவு கட்டுகிறார்கள். நம் பெரியவர்கள் சொன்ன கணக்கேதான்: ஒரு பானைச் சோற்றுக்கு ஒரு சோறு பதம்.

பதம் பார்க்காத சோறு

பதம் பார்க்காமல் பரிமாறினால் என்னவாகும்? 2011 நவம்பரில் ருஷ்யா 'ஃபோபோஸ்-கிரண்ட்' என்னும் கலத்தைச் செவ்வாயின் நிலவுக்கு அனுப்பியது. பூமியைச் சுற்றத் தொடங்கிய சில மணி நேரத்திலேயே கணினி நிலைகுலைந்தது. கலம் எங்கும் போகாமல் 2012 ஜனவரி 15-ஆம் நாள் கடலில் விழுந்தது. விண்வெளிக்குத் தகாத நினைவுச் சில்லுகள் பயன்படுத்தப்பட்டதும், அவற்றைக் கதிர்த்துகள் தாக்கியதுமே காரணம் என்று விசாரணைக் குழு அறிவித்தது. வேறு காரணம் சொன்னவர்களும் உண்டு. எப்படியானாலும், தகுதி பார்க்காத சில்லு அவ்வளவு பெரிய கலத்துக்குள் போயிருந்தது என்பதுதான் வெட்கம்.

தவறாகப் பதம் பார்ப்பதும் உண்டு. ஒரு வகை டிரான்சிஸ்டருக்குக் கதிரை வேகமாகக் கொடுத்துச் சோதித்தபோது நன்றாகத் தாங்கியது. அதே அளவை மெல்ல மெல்லக் கொடுத்தபோது முன்பைவிட அதிகமாகக் கெட்டது. இது 1991-இல் தெரியவந்தது. விண்ணில் கதிர் மெல்லத்தானே படுகிறது! அவசரச் சோதனையில் தேறியதை நம்பியிருந்தால் மோசம் போயிருப்பார்கள். அதன் பிறகு, இந்த வகைச் சில்லுகளைப் பொறுமையாக, வாரக்கணக்கிலும் மாதக்கணக்கிலும் சோதிக்கும் முறை வந்தது.

கடைசி நேரத்தில் பதம் பார்த்துத் தப்பிய கதையும் ஒன்று. நாசாவின் 'யூரோப்பா கிளிப்பர்' கலம் வியாழன் கிரகத்தின் நிலவுக்குப் போவது. வியாழனைச் சுற்றிய கதிர்வீச்சு மிகக் கொடியது. 2024 மே மாதம், கலம் முழுவதும் பொருத்தப்பட்டிருந்த டிரான்சிஸ்டர்கள் நினைத்த அளவு தாங்காமல் போகலாம் என்று தெரிந்தது. ஏறக்குறைய 500 கோடி டாலர் திட்டம். கலத்தைப் பிரிக்க நேரமில்லை. அதே வகை டிரான்சிஸ்டர்களை எடுத்து மூன்று ஆய்வுக்கூடங்களில் இரவு பகலாக நான்கு மாதம் சோதித்தார்கள். கலம் கதிர்வீச்சுக்குள் இருப்பது ஒவ்வொரு சுற்றிலும் ஒரு நாள் அளவுக்குத்தான். மற்ற நாள்களில் அவை ஓரளவு தாமாகவே தேறிவிடும் என்று தெரிந்தது. டெல்ஸ்டார் கற்றுக் கொடுத்த அதே பாடம்! 2024 அக்டோபர் 14-ஆம் நாள் கலம் புறப்பட்டது. 2030-இல் வியாழனைச் சென்றடையும்.

மகளுக்குச் சொல்லுங்கள்

இப்போது உங்கள் கேள்விக்கு வருகிறேன் அம்மா.

காமா கதிர் பட்ட பொருள், தானே கதிர் வீசும் பொருளாக மாறிவிடுவதில்லை. டார்ச் விளக்கைச் சுவரில் அடித்து அணைத்துவிட்டால் சுவர் ஒளி வீசிக்கொண்டா இருக்கிறது? கையுறைக் கதையை நினைத்துக்கொள்ளுங்கள். ஆனால் புரோட்டான், நியூட்ரான் போன்ற துகள்களால் அடித்த சில்லில் சிறிதளவு கதிரியக்கம் சில நாள் தங்குவதுண்டு. அதனால்தான் சோதனைக்கூடத்தார் அதைக் கருவியால் அளந்து, குறைந்த பின்னரே வெளியே விடுகிறார்கள்.

ஆகவே உங்கள் மகள் தன் மேற்பார்வையாளரிடம் மரியாதையாகக் கேட்க வேண்டிய மூன்று கேள்விகள் இவை. ஒன்று: இந்தச் சில்லுக்கு எந்த வகைக் கதிர் கொடுக்கப்பட்டது? இரண்டு: திரும்ப அனுப்பும் முன் அளந்தார்களா, அளந்ததற்குக் காகிதம் உண்டா? மூன்று: நான் வேலை செய்யும் இடத்தில் கதிர் வீசும் பொருளோ எக்ஸ்ரே கருவியோ இருக்கிறதா? இருந்தால், எனக்குக் கதிரளவு காட்டும் அட்டை தேவையா?

நம் நாட்டில் 1984-ஆம் ஆண்டு முதல் அணுசக்தி உரிமச் சட்டம் இருக்கிறது. கதிர்வீச்சோடு வேலை செய்பவருக்கு ஆண்டுக்கு 20 மில்லிசீவர்ட் என்று வரம்பு விதித்திருக்கிறது. அத்தகைய வேலை செய்யும் பெண் கருவுற்றால், அதை மேலதிகாரியிடம் தெரிவித்துப் பாதுகாப்புக் கேட்கலாம். கேள்வி கேட்பது குற்றமல்ல. நம் தாத்தா பாட்டி காலத்தில் மருந்து தெளிக்கச் சொன்னால், அது என்ன மருந்து என்றுகூடக் கேட்காமல் தெளித்தோம். அந்தக் காலம் போகட்டும்.

இன்னொன்றும் அவளிடம் சொல்லுங்கள். அவள் கையில் இருக்கும் பத்துச் சில்லு, வெளியே போகும் பல நூறு சில்லுகளுக்காகச் சாட்சி சொல்கிறது. பெட்டியின் மேல் ஒட்டிய சீட்டு மாறிப்போனாலோ, எண்ணை மாற்றி எழுதினாலோ, வேலை நேரம் முடிகிறதே என்று ஒரு சோதனையைத் தாண்டிவிட்டாலோ, அந்தச் சாட்சி பொய்ச்சாட்சி ஆகிவிடும். விண்ணுக்குப் போன சில்லைத் திரும்ப அழைத்துப் பழுதுபார்க்க முடியாது. தவறு கண்டால் வாய் திறந்து சொல்லட்டும். அதனால் ஒரு நாள் உற்பத்தி கெட்டாலும் பரவாயில்லை.

பால் நிறுக்கும் இடத்தில் மிதவைக் குழலை விட்டுக் கெட்டி பார்ப்பார்களே, நினைவிருக்கிறதா? அந்தக் குழல் நேர்மையாக இருந்தால்தான் நம் கூலி நேர்மையாக இருக்கும் என்று நம் பெற்றோர் நன்றாக அறிந்திருந்தார்கள். இன்று அந்தக் குழல் உங்கள் மகள் கையில் இருக்கிறது. அவள் அளப்பதை நம்பித்தான் எங்கோ ஒரு கோள் பறக்கப்போகிறது.

வேலையைத் தொடரட்டும் அம்மா. கேள்விகளுக்கு என்ன பதில் கிடைத்தது என்று எனக்கும் ஒரு வரி எழுதுங்கள். அடுத்த இதழில் சந்திப்போம். வணக்கம்.